பன்னிரண்டாவது உடம்பு

மருந்துக் கம்பெனி டாக்டர் மாதங்கி முதல் இரண்டு முறை வந்தபோது அந்த நீலக் குளிர்ப்பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் முறை அதைக் கையோடு தூக்கி வந்து, கேட்காமல் கொள்ளாமல், துளசிமணியின் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

துளசிமணிக்குச் சுருக்கென்றது. சோறு தின்கிற இடத்தில் ஊசிப் பெட்டியா? ஆனால் வீடு தேடி வந்தவரிடம் முதல் வார்த்தையே சண்டையாக இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"காப்பி குடிக்கறீங்களா டாக்டரம்மா?"

"வேணாம்க்கா. உட்காருங்க. இன்னைக்கு முடிச்சுடலாம்னு வந்தேன்."

"எதைங்க முடிக்கறது?"

மாதங்கி பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பனி படர்ந்த ஒரு சின்னக் குப்பி. "ஒரே ஊசி. பத்து நிமிஷ வேலை. ரெண்டு வாரத்துல உங்க எலும்பு பழையபடி சாதாரண எலும்பாயிடும். முட்டி வலி போயிடும். இடுப்பு வலி போயிடும். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பார்க்கலாம்."

வலியைப் பற்றி முதல் சந்திப்பில் தானே வாய்விட்டுச் சொன்னதை நினைத்துத் துளசிமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிராளியிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லலாமா?

"மத்த பதினொரு பேரும் போட்டுக்கிட்டாங்க" என்றார் மாதங்கி. "நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் மேசையில் துளசிமணி நின்றுகொண்டிருந்தாள். தைத்து வந்த சட்டையை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, ஓட்டை, பிசிறு, எண்ணெய்க் கறை பார்த்து, பழுதில்லை என்றால் கழுத்துப் பட்டைக்குள் தன் எண் அச்சிட்ட ஒரு மஞ்சள் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அப்போதுதான் ஆரவி பயோ என்ற கம்பெனி பனியன் கம்பெனிகளில் முகாம் போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தது. எஃகுத் தொட்டியில் வளர்க்கிற மருந்தை ஆரோக்கியமான மனுஷரின் எலும்புக்குள்ளேயே வளர்த்தால் என்ன என்று அங்கே யாருக்கோ தோன்றியிருந்தது. தொட்டிக்கு நூறு பக்குவம் பார்க்க வேண்டும். உடம்புக்கு மூன்று வேளைச் சோறு போதும்.

இடுப்பெலும்பில் மூன்று ஊசி. அதற்குப் பெயரே கற்றுக்கொடுக்கும் ஊசி. அதன்பின் மஜ்ஜை தனக்குத் தேவையே இல்லாத ஒரு புரதத்தைச் செய்யத் தொடங்கும். நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்லின் மேல் மட்டும் ஒரு குறி இருக்குமாம். ரத்தத்தில் எத்தனை கோடிச் செல் ஓடினாலும் இந்தப் புரதம் குறியுள்ள செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து அழியுமாம். "தேடறதும் ஒட்டறதும் எனக்குப் பழகின வேலைதானுங்களே" என்று துளசிமணி அன்றைக்குச் சிரித்தாள். நானூறு பேருக்கு மேல் ஊசி போட்டதில் பன்னிரண்டு பேரின் எலும்புதான் பாடம் படித்தது. மாதம் ஒரு தடவை, ஆளுக்கொரு தேதியில், கம்பெனியின் சென்டரில் ஒரு பை பிளாஸ்மா, ரத்தத்தின் தெளிந்த நீர், எடுப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது விதி. பை யாருக்குப் போகிறது என்பதும் தெரியக் கூடாது. மருந்துக்குக் கார்விமாப் என்று பெயர். அந்தப் பெயரைக்கூட அவள் ஒரு சுவரொட்டியில்தான் படித்துத் தெரிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் துளசிமணி. "நல்ல மருந்துதானுங்களே? எதுக்கு நிறுத்தினீங்க?"

மாதங்கி, சொன்னால்தான் என்ன என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். "மருந்து மேல குறையே இல்லக்கா. ரெண்டு பை, அவ்வளவுதான். நூத்துல எழுபது பேருக்கு நோய் திரும்பியே வரல. அதுதான் பிரச்சினை."

"குணமாகறதா?"

"பெரிய ஆஸ்பத்திரிங்க எழுதித் தரவே மாட்டேன்னாங்க. அவங்க கீமோ நாற்காலியில ஒரு நோயாளி ஆறு மாசம் உட்காருவார். இதை எழுதினா அவரை எங்க சென்டருக்கு அனுப்பணும். அனுப்பினா திரும்பி வரமாட்டார். இன்சூரன்ஸ்காரங்க மூணு வருஷம் இழுத்தடிச்சாங்க. அவங்க ஒத்துக்கிட்ட நேரத்துல ஆரவியே கைமாறிடுச்சு. புதுசா வாங்கினவங்ககிட்ட இதே நோய்க்கு ஒரு மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆயுசு பூரா."

"அந்த மாத்திரைக்கு எங்க ரத்தம் போட்டியாகுது."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க சொல்லலீங். நாந்தான் சொன்னேன்."

நிறுத்தப் போவதாக வந்த கடிதத்தைத் துளசிமணி எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். பாதுகாப்புக் காரணம் என்று அதில் எங்குமே இல்லை. 'வர்த்தகக் காரணங்களை முன்னிட்டு' என்றுதான் இருந்தது. செக்கிங் மேசையில் நின்றவளுக்கு, பழுதில்லாத சரக்கைக் கிழித்துப் போடச் சொன்னால் கை வராது. அதற்கு மேல் அவளிடம் அன்றைக்குப் பெரிய நியாயம் எதுவும் இல்லை.

"இப்ப நீங்க ஒரே ஆள்" என்று பெட்டியை மூடினார் மாதங்கி. "பன்னிரண்டு பேர் இருந்தப்பவே இந்த மருந்தால தாக்குப்பிடிக்க முடியல. ஒத்தை ஆளோட ரத்தத்தை வெச்சுட்டு யாரு என்ன பண்ண முடியும், சொல்லுங்க? உங்க உடம்புதான் வீணா வலியில கிடக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வரேன். அதுக்கப்புறம் எங்க வக்கீல் பேசுவாங்க. அது வேணாமே."

கார் கிளம்பிப் போனதும் துளசிமணி ஈரத் துணியால் மேசையை இரண்டு தடவை துடைத்தாள்.

வலி பொய்யில்லை. சென்டரை மூடி நாலு மாதத்துக்கு மேலாகிறது. எடுப்பார் இல்லை. ஆனால் எலும்புக்கு அந்தச் சேதி போகவில்லை; அது பாட்டுக்குச் செய்துகொண்டே இருந்தது. மகளுக்குப் பால் மறக்கடித்த வாரத்தில் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு ரவிக்கை பட்டாலே உயிர் போனது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது அதே கனம் முட்டியில், முதுகில், மணிக்கட்டில். உடம்பு முழுக்க யாருக்கோ சமைத்து வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வராமல் காத்திருப்பதுபோல.

"போட்டுட்டுப் போறதுக்கென்ன அம்மிணி?" என்றார் ஆறுச்சாமி, சாயங்காலம் பார்சல் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே. மனைவி கையெழுத்துப் போட்ட கம்பெனிப் பத்திரங்களில் அவள் பெயருக்குப் பதிலாக 'சோர்ஸ்' என்று இருப்பதை வைத்து ஒன்பது வருஷமாகக் கிண்டல் செய்பவர். "தக்காளி சாஸாட்டம் உன்னைய பாட்டில்ல அடைச்சாங்க. இப்ப கடையை மூடறாங்க. மூடட்டுமே. ஊருக்கெல்லாம் கறக்கறதுக்கு நீ என்ன மாடா?"

"மாடுன்னா கொம்பிருக்கும். முட்டியிருப்பேன்."

"என்னைய ஏன் முட்டற? அந்த டாக்டரம்மாளை முட்டு. ராத்திரி பூரா நீ அனத்தறதக் கேட்டுட்டுக் கெடக்கறவன் நானு."

அவர் குரலில் இருந்தது அக்கறை என்று அவளுக்குத் தெரியும். அடுப்பங்கரைக்குப் போய், ஏன் மாட்டேன் என்கிறேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இரக்கமா? பார்த்தேயிராத நோயாளிகள்மேல் என்ன இரக்கம் வந்துவிடப் போகிறது? கொஞ்சம் கிளறினால் அடியில் வேறொன்று கிடந்தது, அவ்வளவு அழகில்லாத ஒன்று. இருபது வருஷம் அவள் மற்றவர்கள் தைத்ததில் குறை கண்டுபிடித்தாள். மற்றவர்கள் சமைத்ததை ருசி பார்த்தாள், மற்றவர்கள் போட்ட கணக்கில் தப்புப் பார்த்தாள். அவளே செய்தது, அவளால் மட்டும் ஆனது என்று இந்த ஒன்றுதான். இத்தனை கோடிப் பேரில் பன்னிரண்டு பேர், அவர்களில் ஒருத்தி. இப்போது பன்னிரண்டுமில்லை, ஒருத்திதான். அந்த எண்ணத்தில் பயம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு கர்வமும் இருந்தது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கர்வம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் வந்து கேட்டைத் தட்டினார். முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் சோப்புக்கும் போகாத மிஷின் எண்ணெய்க் கறுப்பு.

"நாப்பத்தொண்ணா நம்பர் செக்கர் துளசியக்கா வீடுங்களா இது?"

அந்த எண்ணைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "நீங்க யாருங்க தம்பி?"

"எம் பேரு சிக்கந்தர். பவர் டேபிள் தையல் மிஷின் மெக்கானிக்." அவர் போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கம்பியில் தொங்கும் வைக்கோல் நிறப் பை. அதன் அடி மூலையில், கம்பெனியின் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே, மஞ்சள் வட்ட ஸ்டிக்கர். 41.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியது துளசிமணிதான். சென்டருக்குப் போன முதல் மாதம் நர்ஸ் பையைக் கழற்றி வைத்தபோது, பெயரும் இல்லாமல் நம்பரும் இல்லாமல் அது போவதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஒரு சரக்கு மேசையை விட்டுப் போகிறதென்றால் பார்த்தது யார் என்று தெரிய வேண்டாமா? பழுது வந்தால் யாரிடம் திருப்பி அனுப்புவார்கள்? கைப்பையில் கிடந்த பழைய சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து ஒட்டினாள். நர்ஸ் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒட்டினாள். இரண்டாம் வருஷம் வந்த தணிக்கைக்காரர்கள் அதை ஏதோ ஒரு குறியீடு என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் வேறு ஏற்றிக்கொண்டார்கள்.

"டாக்டருங்க எல்லாரும் அதை பேட்ச் நம்பர்னுதான் நெனச்சுட்டிருந்தாங்க" என்றார் சிக்கந்தர். "நான் பாத்த ஒடனே நஸீமாகிட்ட சொன்னேன், ஏய், இது நம்மூரு செக்கிங் ஸ்டிக்கருடி, எவளோ ஒரு அக்கா பாத்து அனுப்பியிருக்குதுன்னு. ஒவ்வொரு பனியன் கம்பெனிக்கும் ஸ்டிக்கர் கலரு வேற, சைசு வேற. இருபது வருஷமா அந்த மேசைகளுக்கு அடியில படுத்து மிஷின் பாக்கறவன் நானு. மஞ்ச வட்டம் எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியாதா? போயிக் கேட்டேன். சூப்பர்வைசரம்மாவுக்கு உங்கள நல்லா ஞாபகமிருக்குது. ஒரு பிசிறு இருந்தாலும் விடமாட்டாங்களாமா நீங்க."

"தம்பி, நான் பேசவே கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

"அப்பப் பேசாதீங்கக்கா. கேளுங்க, போதும்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மனைவி நஸீமாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். முதல் பை ஏறியது. கழுத்தில் இருந்த கட்டிகள் மூன்று வாரத்தில் கரைந்தன. இரண்டாவது பைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு ஆறு நாள் முன்னால் சென்டரை மூடினார்கள். மாத்திரைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அது நஸீமாவுக்குக் கேட்கவில்லை.

"இப்பக் கழுத்துல மறுபடியும் ஒண்ணு வந்துருக்குதுங்க, நெல்லிக்கா கணக்கா. ரெண்டாவது பையி ஆறு மாசத்துக்குள்ள ஏறிரோணும். அதுவும் மொதப் பையி யாருதோ அவிய ரத்தமாவே இருக்கோணும். வேற ஆளுதுன்னா ஒடம்பு தள்ளிரும்னு டாக்டரு சொல்றாரு. மொதப் பையி ஏறி அஞ்சு மாசத்துக்கு மேல ஆகிப்போச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது. "ஒரு கைய வெச்சுத் தெச்சுட்டு இன்னொரு கைய வெக்காமயே சட்டைய அனுப்பிச்சுட்டாங்கக்கா. பீஸு டேமேஜுன்னா யாருகிட்ட வர்றது? செக்கருகிட்டத்தானே?"

உள்ளே ஆறுச்சாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

துளசிமணி உள்ளே போனாள். ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சிக்கந்தர் குடித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் பெயரையும் எபனேசர் என்ற டாக்டரின் பெயரையும் தாளில் எழுதிச் செம்பின் கீழே வைத்துவிட்டுப் போனார். மருந்தை நிறுத்தியது அநியாயம் என்று பத்திரிகையில் எழுதியவர் அந்த டாக்டர்.

ஒன்பது வருஷத்தில் ஒரு பைகூடத் திரும்பி வந்ததில்லை. வந்தால் என்ன செய்வது என்றும் அவள் யோசித்ததில்லை. இப்போது அது வந்து வாசற்படியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்குக் கழுத்து இருக்கிறது, நஸீமா என்று பெயர் இருக்கிறது.

"என்ன பண்றதா இருக்கற?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"நீங்க சொன்னீங்களே, மாடுன்னு."

"அது சும்மா சொன்னதாச்சே."

"மாடுன்னே வெச்சுக்கலாம். எந்தக் கன்னுக்குப் பாலுன்னு இத்தனை நாளாத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு."

"கேஸு போட்டாங்கன்னா?"

"போட்டா நீங்களும் கோர்ட்டுக்கு வரோணும். வேட்டியத் தேச்சு வெச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை மாதங்கி வந்தபோது மேசைமேல் பெட்டி வைக்க இடமில்லை. துளசிமணி அதில் ஒரு முறம் நிறையக் கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். மாதங்கி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் போட்டுக்கலைங்க" என்றாள் துளசிமணி, தலையை நிமிர்த்தாமல்.

"அக்கா, புரிஞ்சுக்கங்க. உடம்பு உங்களோடதுதான், யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல ஓடற புரதம் கம்பெனியோடது. அதுக்குக் காப்புரிமை இருக்கு."

"அப்படீன்னா வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. நான் எங்கியும் ஓடிப்போகல. மாசாமாசம் எடுத்தீங்களே, இப்பவும் எடுங்க. எடுக்கவும் மாட்டீங்க, கொடுக்கவும் விடமாட்டீங்க. மாட்டை வாங்கினவன், நானும் கறக்கமாட்டேன், கன்னையும் ஊட்டவிடமாட்டேன்னா, எங்கூர்ல அவனை என்னன்னு சொல்லுவாங்க தெரியுமாங்?"

மாதங்கியின் முகம் சிவந்தது. "யாராவது உங்களை வந்து பார்த்தாங்களா?"

"ஒறம்பரைங்க, சொந்தபந்தம்னு நாலு பேரு வருவாங்க, போவாங்க."

"நீங்க யாருக்காவது இதைக் கொடுத்தா, அது எங்க சொத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி. நான் மிரட்டல. வக்கீல் நோட்டீஸ்ல இருக்கறதைத்தான் சொல்றேன்."

"சரிங்க டாக்டரம்மா. என்ற எலும்பு, நான் தின்ன சோத்துல, நான் பட்ட வலியில செஞ்சுது. ஒன்பது வருஷத்துல ஒரு நாளு முட்டிக்கு எண்ணெ தேய்க்க உங்க கம்பெனி ஆளு வந்துதுங்களா? செய்யறப்ப என்ற உடம்பு. செஞ்ச பொறகு கம்பெனிச் சொத்து. இந்தக் கணக்கு எனக்குப் புரியல. புரியாத காயிதத்துல இனி கையெழுத்துப் போடறதில்லைன்னு இருக்கறேன்."

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. கடலைத்தோல் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறினாள்.

மாதங்கி வெகுநேரம் பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "என்னைக் கெட்டவளா நினைக்காதீங்கக்கா. இந்த மருந்துக்காக ஏழு வருஷம் உழைச்சவ நான். சந்தைக்கு வந்த அன்னைக்கு ஆபீஸ்ல இனிப்புக் கொடுத்ததும் நான்தான். மூடற ஃபைலையும் என் கையிலயே கொடுத்தாங்க."

"தெரியுமுங். அதனாலதான் வந்தப்பவெல்லாம் காப்பி வேணுமான்னு கேட்டேன்."

"ஒத்தை ஆள் நீங்க. பதினொரு பேர் போட்டுக்கிட்டாங்க. உங்க ஒருத்தரால எதையும் மாத்த முடியாது."

"அந்தப் பதினொரு பேரு யாரு, எந்த ஊருங்க?"

"அதை நான் சொல்லக் கூடாது."

மாதங்கி தன் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைத் துளசிமணி கவனித்தாள். இத்தனை பேரை இதேபோல உட்கார்த்தி வைத்துப் பேசிப் பேசி அலுத்துப்போன சங்கடம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது, அந்தப் பதினொரு பேர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. நீங்கள் எல்லாம் எப்படிப் போட்டுக்கொண்டீர்கள்? வலித்ததா? பயந்தீர்களா? யாரும் உங்கள் வாசலில் வந்து உட்காரவில்லையா? பிறகு அவர்களுக்காக வருத்தமாக இருந்தது. பிறகு மறுபடியும் அந்தக் கர்வம் தலையைத் தூக்கியது. நான் ஒருத்தி நின்றேன். நாளைக்கு வழக்கு வந்தாலும், இந்த உடம்பு ஒன்றுதான் அந்த மருந்துக்கு உலகத்திலேயே மிச்சம். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். காதோர நரை, பஸ் காற்றில் கலைந்த தலை, நாற்பத்து நாலு வயது. கடைசி ஆளின் முகம் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று பட்டது. பக்கத்தில் ஆறுச்சாமி தேய்த்த வேட்டி கசங்காமல் இருக்க விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சிக்கந்தர் காத்திருந்தார். நஸீமாவைக் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார். மெலிந்த பெண், தலையில் பச்சைத் துணி கட்டி, படுக்கையில் சாய்ந்தபடி யாரிடமோ போனில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்ட இந்தப் போடு போடறாங்க?"

"கேஸ் சிலிண்டர்காரன்கிட்டங்க. ஆஸ்பத்திரியில இருந்துட்டே வீட்டை நடத்தறா."

துளசிமணிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

டாக்டர் எபனேசர் ஒல்லியான மனிதர். அறை முழுக்கக் காகிதக் கட்டுகள். துளசிமணி அவர் எதிரே உட்கார்ந்து, பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்: கம்பெனியின் பத்திரம், வக்கீல் நோட்டீஸ், வரப்போகிற வழக்கு, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்பது.

"மருந்தா வாங்கினா என் மேலயும் கேஸ் வரும்" என்றார் அவர். "ஆனா நீங்க ரத்த தானம் பண்ண வந்திருக்கீங்க. பிளாஸ்மா தானம். அதை ஒரு நோயாளிக்குக் குறிப்பிட்டுக் கொடுக்கறீங்க. அதுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பிரிச்சுப் பார்க்கறது எங்க ரத்த வங்கி வேலை கிடையாது. அவங்க வழக்குப் போடட்டும். ஒரு மனுஷி தன் ரத்தத்தைத் தானம் பண்ணினது குத்தம்னு கோர்ட்டுல நின்னு சொல்லட்டும். எனக்கும் அதைக் கேட்கணும்னு ஆசைதான்."

"இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க." துளசிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பன்னெண்டு பேருல மத்த பதினொரு பேரும் ஊசி போட்டு நிறுத்திக்கிட்டாங்க. மிச்சம் நான் ஒருத்திதானுங்க. எனக்கப்புறம் யாரும் கெடையாது. பாத்துப் பயன்படுத்திக்குங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவளையும், அவளுக்குப் பின்னால் நின்ற ஆறுச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டை அழுத்திப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்கம்மா. சிரிக்கக் கூடாதுதான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வாரத்துல என்னைப் பார்க்க வந்த நாலாவது கடைசி ஆள் நீங்க."

துளசிமணிக்கு முதலில் விளங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை பல்லடத்துலேருந்து ஒரு அம்மா. புதன்கிழமை ஒருத்தர், பெருந்துறை. நேத்து வந்த அவிநாசிக்காரம்மா ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க, இன்னைக்கு மறுபடி வந்திருக்காங்க. என் கட்டுரையைப் படிச்சுட்டு அவங்கவங்களாத் தேடிக்கிட்டு வந்தவங்க. கம்பெனி எல்லார்கிட்டயும் பாடினது ஒரே பாட்டுத்தான். மத்த பதினொரு பேரும் போட்டுக்கிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஒருத்தர்கூட அந்த ஊசியைப் போட்டுக்கல."

ஆறுச்சாமி "அடப் பாவிகளா!" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் துளசிமணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, கூட்டத்தில் தன் பெயர் வாசிக்கப்படும் என்று எழுந்து நின்றவளைப் பார்த்து, உட்காரும்மா, எல்லாருக்கும் உண்டு என்று சொன்னதுபோன்ற ஓர் அசட்டுத்தனம். ஒரு வாரமாக அவள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு நின்ற மலையை யாரோ வந்து, இந்தாங்க, நாங்களும் ஒரு கை பிடிக்கறோம் என்று சொல்லிவிட்டார்கள். தோளுக்குத்தான் எவ்வளவு லேசாக இருந்தது! மனசுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ரத்த வங்கியில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், கையில் குழாயோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மூக்குத்தி, கழுத்தில் பவழம். துளசிமணி அடுத்த கட்டிலில் ஏறிப் படுத்ததும் தலையைத் திருப்பினார்.

"நீங்க எத்தனாந் தேதிங்க?"

"பதினேழு" என்றாள் துளசிமணி. "நீங்க?"

"ஒம்பது. பேரு ருக்குமணி. அவிநாசி." அவர் துளசிமணியை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாரமா நான் பெரிய வீராங்கனைன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. என்ற மருமககிட்டயெல்லாம் சொல்லிப்போட்டேன், உலகத்துலயே ஒருத்தி நாந்தான்னு. இப்பப் போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்?"

நர்ஸ் துளசிமணியின் முழங்கையை அழுத்திப் பார்த்து ஊசியை ஏற்றினாள். "வலிக்குதாம்மா?"

"வலி ஒண்ணுமில்லீங். கொஞ்சம் பொறாமையா இருக்குது."

ருக்குமணியம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். துளசிமணிக்கும் அடக்க முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பில் இரண்டு கட்டில்களும் கிறீச்சிட்டன. குழாயில் வெளிறிய மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

"அய்யோ, ரெண்டு பேரும் சிரிக்காம படுங்கம்மா" என்று நர்ஸ் அதட்டினாள். "ஊசி நழுவிரும்."